வெர்டியும் ஷேக்ஸ்பியரின் துயர நாயகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் எந்தெந்தத் துயர நாடகங்களுக்கு இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி இசையமைத்தார்?

இரண்டுக்கு. மக்பெத் 1847-இல் ஃபிளாரன்ஸ் நகரின் பெர்கோலா அரங்கில் மேடையேறியது. ஒதெல்லோ 1887-இல் மிலானின் லா ஸ்காலாவில் மேடையேறியது; இத்தாலிய வழக்கப்படி அதன் பெயர் 'ஒத்தெல்லோ'. இந்த இரண்டுக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள். மூன்றாவதான லியர் அரசனை அவர் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்தார், பாடல்நூல்கூட (ஓபராவில் பாடப்படும் உரை) எழுதி வாங்கினார், ஆனால் ஓபராவாக முடிக்கவில்லை. கடைசியாக எழுதிய ஃபால்ஸ்டாஃப் (1893) ஷேக்ஸ்பியரை ஒட்டியதுதான் என்றாலும் நகைச்சுவை நாடகம். அதனால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.

வெர்டிக்கு ஆங்கிலம் தெரியுமா?

தெரியாது. ஷேக்ஸ்பியரை இத்தாலிய மொழிபெயர்ப்பில்தான் படித்தார். கார்லோ ருஸ்கோனியின் உரைநடை மொழிபெயர்ப்பும் ஜூலியோ கர்கானோவின் செய்யுள் மொழிபெயர்ப்பும் அவர் காலத்தில் புழங்கியவை. 1865-இல் திருத்திய மக்பெத்தைப் பார்த்த பாரிஸ் விமர்சகர்கள், இவருக்கு ஷேக்ஸ்பியரைத் தெரியவில்லை என்று எழுதியபோது அவர் வெகுவாகப் புண்பட்டார். சிறு வயதிலிருந்தே அந்தக் கவியைக் கையில் வைத்திருப்பவன் நான், திரும்பத் திரும்பப் படிப்பவன் நான் என்று பாரிஸ் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். மூலமொழி தெரியாமலே ஒரு நாடகத்தின் உயிரைப் பிடிக்க முடியும் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மகபதி' வழியாக மக்பெத்தை அறிந்தவர்கள் பலருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மனைவியும் இரண்டு குழந்தைகளும் இரண்டே மாதத்தில் இறந்தார்கள் என்பது உண்மையா?

இறந்தது உண்மை. இரண்டு மாதம் என்பது தவறு. அந்தத் தவறு வெர்டியின் வாயிலிருந்தே வந்தது. 1879-இல் பதிப்பாளர் ஜூலியோ ரிகோர்டியிடம் தன் இளமைக் கதையைச் சொன்னபோது மூன்று மரணங்களையும் 1840-இன் இரண்டு மாதங்களுக்குள் அடைத்துவிட்டார். பதிவேடுகள் காட்டும் வரிசை இது:

மார்கெரீட்டா பரேட்ஸியுடன் திருமணம்: 1836 மே.
மகள் விர்ஜீனியா பிறப்பு 1837 மார்ச், இறப்பு 1838 ஆகஸ்ட்.
மகன் இச்சீலியோ பிறப்பு 1838 ஜூலை, இறப்பு 1839 அக்டோபர்.
மார்கெரீட்டா இறப்பு: 1840 ஜூன் 18, மூளை அழற்சியால்.

ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள். மகன் இறந்து நான்கு வாரம்கூட ஆகாதபோது முதல் ஓபரா 'ஒபெர்த்தோ' மேடையேறியது. மனைவி இறந்த நேரத்தில் ஒப்பந்தப்படி ஒரு நகைச்சுவை ஓபரா எழுதிக்கொண்டிருந்தார். 1840 செப்டம்பரில் அது லா ஸ்காலாவில் ஒரே இரவோடு படுத்துவிட்டது. அவருக்கு அப்போது 26 வயது. முதுமையில் ஒரு மனிதனின் நினைவு இந்த அடிகளை எல்லாம் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் இசைத்தட்டு உறைகளும் நிகழ்ச்சிக் கையேடுகளும் இன்றும் அந்த 'இரண்டு மாதம்' கதையை அப்படியே எடுத்துப் போடுவது சரியில்லை.

அந்தத் துயரம்தான் அவருடைய பாத்திரங்களில் பேசுகிறதா?

அப்படி நேர்க்கோடு போட வேண்டாம். மகளை இழக்கும் தந்தை அவருடைய ஓபராக்களில் திரும்பத் திரும்ப வருகிறார். ரிகொலெட்டோ அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. ஆனால் அந்தக் கதை விக்தோர் ஹ்யூகோவின் நாடகத்திலிருந்து வந்தது. தணிக்கையோடு போராடி அதை மேடையேற்றினார் என்பதற்குச் சான்று உண்டு. சொந்தக் குழந்தையை நினைத்து எழுதினார் என்பதற்குக் கிடையாது. 'லா த்ராவியாத்தா'வும் அப்படியே. திருமணம் ஆகாமல் பாடகி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு புஸ்ஸெத்தோவில் வாழ்ந்ததற்காக ஊர் அவர்களை ஒதுக்கியது. 1852 ஜனவரியில் மாமனார் அந்தோனியோ பரேட்ஸிக்கு வெர்டி எழுதிய கடிதத்தில் அந்தக் காயம் அப்படியே தெரிகிறது. ஆனால் அதன் நாயகி வயலெட்டா என்பவள் ஸ்ட்ரெப்போனி அல்ல.

வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொண்டு கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கேட்பவர் மனம் கதையிலேயே அழுதுவிட்டு, இசைக்கோவையில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று கவனிக்காமல் போய்விடுகிறது. வெர்டி தன் துயரத்தைப் பற்றி அதிகம் பேசாதவர். ஒரு பாத்திரத்தின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியோ பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதங்களே நல்ல வழிகாட்டி.

லேடி மக்பெத்துக்கு அழகான குரல் வேண்டாம் என்று சொன்னாராமே?

சொன்னார். 1848-இல் நேப்பிள்ஸ் அரங்கு அந்த வேடத்தை பாடகி எவ்ஜேனியா தடோலினிக்குக் கொடுத்தபோது பாடல்நூலாசிரியர் கம்மரானோவுக்கு எழுதிய கடிதம் அது. தடோலினி அழகி, லேடி அருவருப்பும் தீமையும் உள்ளவளாகத் தெரிய வேண்டும். தடோலினி குறையில்லாமல் பாடுபவர், லேடி பாடவே கூடாது. தடோலினியின் குரல் தெளிந்த தேவதைக் குரல், லேடிக்குக் கரகரத்த, நெரிந்த, இருண்ட, பேய்த்தனமான குரல் வேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டுக் கத்திப் பாடும் பாடகிகள் உண்டு. அது கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது. இந்த வேடத்துக்கு நுட்பமான தொண்டை கட்டாயம். முதல் பாட்டிலேயே விரைவுச் சங்கதிகள், விருந்துப் பாட்டில் துள்ளலான அலங்காரங்கள், இரண்டு ஸ்தாயிக்கு மேற்பட்ட வீச்சு. சாதகம் குறைந்த குரல் இரண்டாம் அங்கம் முடிவதற்குள் கிழிந்துவிடும். வெர்டி கேட்டது, இத்தனையும் செய்யத் தெரிந்த ஒருத்தி அழகைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது. அவள் மேடைக்கு வந்ததும் கணவனின் கடிதத்தைப் பாடாமல் வெறும் பேச்சாக வாசிக்கிறாள். அந்த வாசிப்பு சப்பென்று இருந்தால் அடுத்து வரும் பாட்டு தனியாகத் தொங்கும்.

எந்த இடம் சரியாக வராவிட்டால் மக்பெத் முழுதும் விழுந்துவிடும்?

வெர்டியே இரண்டு இடங்களைக் குறித்திருக்கிறார்: கொலைக்குப் பிறகு கணவனும் மனைவியும் பாடும் இரட்டைப் பாட்டு, லேடி தூக்கத்தில் நடக்கும் காட்சி. இரண்டும் பாடப்படக் கூடாது, இருண்ட, மூடிய குரலில் நடித்துச் சொல்லப்பட வேண்டும் என்றார்.

இரட்டைப் பாட்டின் பெரும்பகுதிக்கு அடிக்குரல் என்று குறித்திருக்கிறார். ஒரு சில சொற்கள் மட்டும் வெடித்து எழும். அவை மக்பெத்தின் அச்சம். இன்றைய பெரிய அரங்குகளில் குரல் கடைசி வரிசைக்குப் போகாதோ என்ற பயத்தில் பாடகர்கள் முழுக் குரலில் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்து அறையில் பிணம் கிடக்க, வீட்டில் எல்லோரும் உறங்க, இருவர் உரக்கப் பாடினால் காட்சிக்கு என்ன பொருள்? முதல் லேடியான மரியன்னா பார்பியேரி-நீனி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, இந்த ஒரு பாட்டுக்கு நூற்றைம்பதுக்கும் மேல் ஒத்திகை நடந்தது. முழு உடை ஒத்திகை அன்றும் வெர்டி அவர்களை இன்னொரு முறை பாட வைத்தார்.

தூக்க நடைக்காக பார்பியேரி-நீனி மூன்று மாதம் உழைத்தார்: உறக்கத்தில் பேசுகிறவர்களைப் போல உதடு அதிகம் அசையாமல், முகமும் கண்ணும் அசையாமல். கேட்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வாத்தியக் குழுவில் கோர் ஆங்லே (ஓபோ இனத்தைச் சேர்ந்த, தாழ்ந்த குரலுடைய துளைக் கருவி) விடும் தேம்பல். மருத்துவரும் பணிப்பெண்ணும் ஒதுங்கி நின்று முணுமுணுப்பது. கடைசியில் அவள் மேடையை விட்டுப் போகையில் ஏறும் தாரஸ்தாயி ஸ்வரம். அதற்கு வெர்டி இட்ட குறிப்பு 'நூலிழைக் குரலில்'. கைதட்டலுக்காக அதை ஓங்கிப் பிடிக்கிறவர்கள் அந்த நொடியில் அவளை எழுப்பிவிடுகிறார்கள்.

1847 வடிவமா, 1865 வடிவமா?

இன்று மேடைகளில் பெரும்பாலும் கேட்பது பாரிஸுக்காகத் திருத்திய 1865 வடிவம், இத்தாலிய மொழியில், பாலே நடனத்தை வெட்டிவிட்டு. முக்கிய மாற்றங்கள்: இரண்டாம் அங்கத்தில் லேடியின் பழைய வெற்றிக் களிப்புப் பாட்டு போய், 'ஒளி மங்குகிறது' என்று தொடங்கும் இருண்ட பாட்டு வந்தது, மூன்றாம் அங்கத்தின் முடிவில் மக்பெத் தனியாகப் பாடியதற்குப் பதில் இருவரும் சேர்ந்து பழிவாங்கச் சூளுரைக்கிறார்கள், நான்காம் அங்கத்தில் நாடிழந்தோரின் கூட்டப் பாட்டு புதிதாக எழுதப்பட்டது, மக்பெத் சாகும்போது பாடும் தனிப்பாட்டு நீக்கப்பட்டு, போர்க்களமும் வெற்றிப் பாட்டும் சேர்ந்தன.

இரண்டாம் அங்கத்தில் 1865 வெகு தூரம் மேலானது. முடிவில் மட்டும் பழைய வடிவத்தை விரும்புவோர் பலர். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாயகன் திரைமறைவில் செத்துப்போய், வென்றவர்கள் பாடி முடிப்பது துயர நாடகத்துக்குக் குறைதான். சில அரங்குகள் 1865 வடிவத்தில் அந்த மரணப் பாட்டை மட்டும் ஒட்டிவைக்கின்றன. இசைநடை இருபது ஆண்டு பின்னோக்கிக் குதிப்பது காதில் தெரியும். ஆனாலும் நாடகம் நிற்கிறது.

மூன்று சூனியக்காரிகள் ஏன் ஒரு கூட்டமாக வருகிறார்கள்?

மூன்று பேரை மூன்று குழுவாக்கினார். இந்த ஓபராவில் பாத்திரங்கள் மூன்றே, லேடி, மக்பெத், சூனியக்காரிகளின் கூட்டம் என்பது அவர் கணக்கு. அவர்களுடைய இசை துள்ளலாக, கொஞ்சம் மலிவாகக்கூடத் தோன்றும். அது வேண்டுமென்று செய்தது.

மக்பெத் ஆளேவிக் கொன்ற பாங்க்கோவின் ஆவியை எப்படிக் காட்டச் சொன்னார்?

மேடைத் தரைக்கு அடியிலிருந்து எழ வேண்டும். முதலில் பாங்க்கோவாக நடித்தவரே ஆவியாகவும் வர வேண்டும், வேறு துணை நடிகர் கூடாது. சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய துகில். தலைமயிர் கலைந்திருக்க, கழுத்தில் காயங்கள் தெரிய வேண்டும். லண்டனில் இந்த நாடகம் இருநூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது, அங்கிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று அரங்க முதலாளிக்கு எழுதினார்.

லியர் அரசனை ஏன் எழுதி முடிக்கவில்லை?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. 1850-இல் கம்மரானோவுக்கு விரிவான திட்டம் எழுதி அனுப்பினார். கம்மரானோ 1852-இல் இறந்தார். பிறகு வெனிஸில் இருந்த வழக்கறிஞரும் நாடக ஆசிரியருமான அந்தோனியோ சோம்மா 1853 முதல் 1855 வரை பாடல்நூலை எழுதினார், திருத்தினார், மறுபடி எழுதினார். வெர்டியை அதிகம் உறுத்தியது காட்சி மாற்றம். நிமிடத்துக்கு ஒரு தடவை திரை மாறினால் பார்வையாளர் மனம் சிதறும் என்று சோம்மாவிடமே முறையிட்டார். அடுத்த சிக்கல் பாடகர்கள். நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்குக்காக 1856-57-இல் பேச்சு நடந்தபோது கோர்டீலியாவாக மரியா பிக்கொலோமினிதான் வேண்டும் என்றார். அவர் கிடைக்கவில்லை, வேறொருவரை ஏற்க வெர்டி மறுத்தார். திட்டம் நின்றது.

சோம்மாவின் எழுத்து வீணாகவில்லை. அவர் பாடல்நூலில் 'முகமூடி நடனம்' 1859-இல் ரோமில் மேடையேறியது. முதுமையில் வெர்டி லியருக்கான குறிப்புகளை இளைய இசையமைப்பாளர் மஸ்காஞிக்குக் கொடுக்க முன்வந்ததாகவும், நீங்களே ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, புல்வெளியில் லியர் தனியே நிற்கும் காட்சி என்னை அச்சுறுத்தியது என்று சொன்னதாகவும் மஸ்காஞி கூறியிருக்கிறார். குழந்தைகளை இழந்த தந்தை என்பதால் தவிர்த்தார் என்று இதை வைத்து எழுதுவோர், முந்தைய பத்தியில் உள்ள பாடகர் தகராறையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஓய்வெடுத்திருந்தவர் ஒதெல்லோவுக்கு எப்படித் திரும்பினார்?

மெதுவாக, பிறரின் தந்திரத்தால். 1871-இல் கெய்ரோவில் 'ஐதா', 1874-இல் எழுத்தாளர் மன்சோனி நினைவாக இரங்கல் பூசை இசை, அதற்குப் பின் புது ஓபரா இல்லை. 1879 கோடையில் மிலானில் ஒரு விருந்தில் ரிகோர்டியும் நடத்துநர் ஃபிராங்கோ ஃபாச்சோவும் பேச்சை ஷேக்ஸ்பியர் பக்கம் திருப்பினார்கள். சில மாதங்களில் கவிஞர் அர்ரீகோ பொயிட்டோ பாடல்நூலைத் தயாரித்துவிட்டார். வெர்டி அதை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்தார். நண்பர்கள் தங்களுக்குள் அதைச் 'சாக்லேட் திட்டம்' என்று குறிப்பிட்டார்கள். 1881-இல் 'சிமோன் பொக்கனெக்ரா'வை இருவரும் சேர்ந்து திருத்தியது ஒரு வெள்ளோட்டம்.

1884-இல் எல்லாம் கவிழ இருந்தது. இதை நானே இசையமைக்க முடியவில்லையே என்று பொயிட்டோ வருந்தியதாக நேப்பிள்ஸ் பத்திரிகைச் செய்தி வந்தது. வெர்டி உடனே ஃபாச்சோ வழியாகப் பாடல்நூலைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார், மனத்தாங்கல் இல்லாமல். பொயிட்டோ பதறி, இது உங்களுக்காகவே எழுதியது என்று மன்றாடினார். 1886 நவம்பர் 1 அன்று 'முடிந்தது' என்று வெர்டி எழுதினார். 1887 பிப்ரவரி 5 முதல் இரவு. அவருக்கு வயது 73. அன்று இரண்டாம் செல்லோ வாசித்த இளைஞர் ஆர்த்தூரோ தொஸ்கனீனி.

வெனிஸில் நடக்கும் முதல் அங்கம் எங்கே போனது?

பொயிட்டோ வெட்டிவிட்டார். மூவாயிரம் வரிக்கு மேற்பட்ட நாடகம் 800 வரிக்கும் கீழே சுருங்கியது. பாடினால் ஒரு வரிக்குப் பேச்சைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். முழுதையும் வைத்தால் விடிந்துவிடும். ஆனால் வெனிஸ் காட்சியின் சாறு தொலையவில்லை. என் துன்பங்களைக் கேட்டு அவள் என்னைக் காதலித்தாள் என்று ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றி மன்றத்தில் சொல்வது, இங்கே முதல் அங்க இறுதியில் இருவரும் பாடும் காதல் பாட்டில் வந்துவிட்டது.

இழப்பும் உண்டு. டெஸ்டிமோனாவின் தந்தையே இல்லை. தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்ற அந்த விதை நாடகத்தில் முதலிலேயே விழுகிறது. ஓபராவில், ஒதெல்லோவின் மனத்தில் ஐயத்தை விதைக்கும் இயாகோ வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது.

இயாகோவை எப்படிப் பாட வேண்டும்?

மென்மையாக. ஓவியர் மொரெல்லிக்கு எழுதிய கடிதத்தில் வெர்டி தன் இயாகோவை வரைந்திருக்கிறார்: ஒல்லியான, உயரமான உருவம், மெல்லிய உதடு, மூக்கை ஒட்டிய சிறு கண்கள், எதையும் பொருட்படுத்தாத, கவனம் வேறெங்கோ இருப்பது போன்ற பாவனை, நல்லதையும் கெட்டதையும் ஒரே இலேசோடு சொல்பவன். முகத்திலேயே வில்லன் என்று எழுதி ஒட்டியிருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

ஒதெல்லோவின் கீழுள்ள படைத்தலைவன் காசியோ கண்டதாகத் தான் புனைந்த கனவை இயாகோ ஒதெல்லோவிடம் சொல்லும் இடம்தான் தேர்வு. கிட்டத்தட்ட தாலாட்டு போல, காதோடு காதாகப் பாட வேண்டும். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் 'நம்புகிறேன்' என்ற தனிப்பாட்டு ஷேக்ஸ்பியரில் இல்லாதது, பொயிட்டோ எழுதியது. அங்கே குரலை விடலாம். இயாகோ தனியாக இருக்கிறான். அந்த ஒரு பாட்டின் முழக்கத்தை மற்ற காட்சிகளுக்கும் இழுத்துக்கொண்டு போகும் பாரிடோன்கள்தான் (நடுத்தர ஆண் குரல் பாடகர்கள்) பாத்திரத்தைக் கெடுக்கிறார்கள். முதல் இயாகோ விக்டர் மொரேல் நடிப்புக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

ஒதெல்லோ வேடத்துக்கு டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) ஏன் அஞ்சுகிறார்கள்?

மேடைக்கு வந்ததும் முழு வீச்சில் வெற்றி முழக்கம். ஒரு நிமிடம்கூட நீளாது. தொண்டை சூடேற நேரம் இல்லை, எதிரே புயலடிக்கும் வாத்தியக் குழுவும் கூட்டப் பாடகர்களும். அதே அங்கத்தின் முடிவில் காதல் பாட்டுக்கு அரைக்குரல் வேண்டும். முதல் ஒதெல்லோ தமாஞோவிடம் எக்காளக் குரல் இருந்தது; இந்த மெல்லிய இடங்களை நினைத்துத்தான் வெர்டி கவலைப்பட்டார்.

கடினத்தின் உச்சி மூன்றாம் அங்கத்துத் தனிப்பாட்டு. தொடக்கத்தில் ராகமே இல்லை. நெரிந்த குரலில் ஒரே ஸ்வரத்தில் சொற்கள் விழுகின்றன, வாத்தியங்கள்தான் அழுகின்றன. பல பாடகர்கள் இங்கே விம்மலும் கேவலும் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால், பின்னால் குரல் மலர்ந்து ஏறும் இடத்துக்கு மிச்சம் எதுவும் இருக்காது. பேரரசன் போல் பாடி வந்தவன் ஒற்றை ஸ்வரத்துக்குச் சுருங்கிப்போனான் என்பதே அங்கே நடக்கும் துயரம்.

முதல்முறை கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

ஒதெல்லோவில். மொத்தம் இரண்டேகால் மணி நேரம், நான்கு அங்கம். நாளுக்கு ஓர் அங்கமாக, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நல்ல ஹெட்ஃபோன் தேவை. முதல் ஒலியிலிருந்து புயல் அடங்கும்வரை ஆர்கன் மந்தர ஸ்தாயியில் அடுத்தடுத்த மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கிறது. கைபேசி ஒலிபெருக்கியில் அது காதுக்கே வராது. அது நிற்கும்போதுதான், இவ்வளவு நேரம் அது இருந்ததே தெரியும்.

ஒலிப்பதிவுகளில் தொஸ்கனீனி 1947-இல் நடத்தியது (ரமோன் வினாய் ஒதெல்லோ) வேகத்துக்கும் தெளிவுக்கும் இன்றும் அளவுகோல்; ஒலித்தரம் பழையது. செராஃபின் நடத்திய 1960 பதிவில் ஜான் விக்கர்ஸும் தீத்தோ கோப்பியும் பாடுகிறார்கள். கோப்பியின் இயாகோ மேலே சொன்ன மென்மைக்குப் பாடம். மக்பெத்துக்கு அப்பாதோவின் 1976 லா ஸ்காலா பதிவு (கப்புச்சில்லி, ஷெர்லி வெர்ரெட்). லேடியின் குரல் பற்றி வெர்டி என்ன கேட்டார் என்று புரிய, 1952 டிசம்பரில் மரியா காலஸ் லா ஸ்காலாவில் பாடிய நேரடிப் பதிவு, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அங்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுபடியும் கோர் ஆங்லே. நாற்பது ஆண்டுக்கு முன் லேடி மக்பெத்துக்காக அழுத அதே வாத்தியம் இப்போது டெஸ்டிமோனாவின் வில்லோ பாட்டைத் தொடங்கிவைக்கிறது. அவள் பாட்டை நடுநடுவே நிறுத்தி, காற்றுச் சத்தம் கேட்டுத் திடுக்கிடுகிறாள். பணிப்பெண் எமிலியாவுக்கு விடை சொல்லி அனுப்பிய பிறகு திடீரென்று ஒரு கூவல். அந்த ஒற்றைக் கூவலைத் தவிர அவள் அங்கே உரக்கப் பாடுவதில்லை. அடுத்து மரியன்னையை நோக்கிய வேண்டுதல், ஒரே ஸ்வரத்தில் முணுமுணுப்பாகத் தொடங்கி.

அவள் உறங்கியதும் டபுள் பாஸ்கள் மட்டும், ஒலி அடக்கியோடு, மிகத் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து ஏறுகின்றன. ஒதெல்லோ கதவில் நிற்கிறான். நான்கு தந்தி உள்ள டபுள் பாஸ் மட்டும் வாசிக்க வேண்டும் என்று இசைக்கோவையிலேயே குறிப்பு. அக்கால இத்தாலியில் மூன்று தந்தி வாத்தியங்களே மிகுதி, அவற்றில் அந்த அடி ஸ்வரம் கிடையாது. பல அரங்குகளில் இந்தப் பத்தி சுருதி பிசகும். துணைக்கு வேறு வாத்தியம் இல்லாததால் ஒளிய இடமில்லை.

அவன் உறங்குபவளை முத்தமிடுகையில், முதல் அங்கக் காதல் பாட்டின் முடிவில் வந்த மெட்டு திரும்ப வருகிறது. அவளைக் கொன்று, உண்மை தெரிந்து, தன்னைக் குத்திக்கொண்ட பின் அதே மெட்டு மூன்றாம் முறை. முதல் இரண்டு தடவையும் அது எப்படி மலர்ந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அவன் மூச்சு பாதியில் போகிறது, வாத்தியங்கள் மிக மெல்ல மூடுகின்றன. அதற்காகவாவது முதல் அங்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இரண்டு முறை கேட்டுவிட்டு நான்காம் அங்கத்துக்கு வாருங்கள்.